வீக்கம் நீக்கி

வெபர் வீதிக் கடையில், திங்கள் காலை எட்டேகாலுக்கு
ஒரு டசின் முட்டை நான்கு டொலர் முப்பத்தைந்து சதம்.
பையில் வரும் பால், நான்கு லீட்டர், ஆறு பதினைந்து.
பிஸ்கட் பெட்டி அதே விலை,
உள்ளே முப்பது கிராம் குறைவு.
அதையும் எழுதுவேன்.
அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.

விலை எழுதுவது என் வேலை.
பதினேழு வருடமாக
எதையும் வாங்காமல்
எல்லாக் கடைக்கும் போகிறேன்.
காவலாளிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள்,
பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்,
பிறகு காவலாளிகளின் இடத்துக்குக் கமரா வந்தது.
அது மறுபடி
சந்தேகத்திலிருந்து தொடங்கியது.

மைனஸ் பதினெட்டு.
கார் சூடேறும் வரை பத்திரிகையை விரித்தேன்.
எங்கள் வாட்டர்லூவின் வில்மர் ஷான்ட்ஸ்,
அவர் சொத்து இரண்டு கோடுகளாக.

தடித்த கோடு:
இரண்டாயிரத்தில் அறுநூறு கோடி,
அப்புறம் ஒரு கிணறு, அடியில் நூற்றுப் பத்து,
அங்கிருந்து தொற்றித் தொற்றி ஏறி
இந்தத் தையில் தொள்ளாயிரத்து நாற்பது.

கீழே புள்ளிக் கோடு, பணவீக்கம் கழித்தது:
அதே தொள்ளாயிரத்து நாற்பது
பழைய டொலரில் ஐந்நூற்று ஐம்பத்தேழுதான்.
“கணக்குப்படி நான் அன்றைக்குவிட ஏழை”
என்கிறார் பேட்டியில்.
பக்கத்தில் சிரிக்கும் படம்.

யானை படுத்தாலும் குதிரை மட்டம், தெரியும்.
ஆனால் படுத்த யானையை
எந்தக் கோலால் அளந்தார்கள்?

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக்
கோட்டுக்குக் கிட்டப் போனேன்.
புள்ளி, புள்ளி, புள்ளி.
இந்தப் புள்ளியில் மழை, சப்பாத்துக்குள் தண்ணீர்.
இதில் ஆண்களுக்கு முடிவெட்டும் கூலி ஏறியது.
இதில் கத்தரிக்காய்க்குத் தட்டுப்பாடு,
விலை இல்லை என்று எழுத முடியாது,
‘கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும்,
இரண்டும் வேறு.

அவர் ஒருநாளும் வாங்காத முட்டையால்
அவரை வகுத்திருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்தபோது எனக்கு மணிக்கு எவ்வளவு,
இப்போது எவ்வளவு.
கார்க் கண்ணாடியின் ஆவியில்
விரலால் கழித்துப் பார்த்தேன்.
விடை வந்ததும்
வைப்பரைப் போட்டேன்.
ஆவி உள்பக்கம் என்பது மறந்துபோயிற்று.
கையால் துடைக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது பிரிட்ஜ்போர்ட் வீதி.
விறைத்த விரல்
நான்கு முப்பத்தெட்டை
நான்கு எண்பத்து மூன்றாக அடித்துவிட்டது.
டேப்லெட் கேட்டது:
போன மாதத்தைவிட மிக அதிகம். உறுதியா?

ஒரு கடை, ஒரு முட்டைப் பெட்டி,
ஒட்டுமொத்தக் கூடையில் அதன் எடை:
நின்ற நிலையில் பெருக்கினேன்.
‘ஆம்’ என்று தொட்டால்
ஷான்ட்ஸ் இன்னும்
ஆறாயிரத்துச் சொச்சம் டொலர் ஏழையாவார்,
தான் ஏழையானது தெரியாமலே.

அதே ‘ஆம்’
என் மேல்மாடி இல்டா பச்சேகோவின்
முதியோர் கொடுப்பனவை ஏற்றும்.
அதுவும் இந்தக் கூடையோடு கட்டிய கயிறுதான்.
எவ்வளவு ஏற்றும்?
மாதம் ஒரு சதத்தில் இருபதில் ஒரு பங்கு.
ஒரு சதக் குற்றியையே
நாடு நிறுத்திப் பல வருடம்.

பால் அடுக்க வந்த பையன்
“வழி விடுங்கோ, மேடம்” என்பதை
ஆங்கிலத்தில் சொன்னான்.
ஒதுங்கினேன்.
பணத்தின் வீக்கத்துக்குக்
காலாண்டுக்கொரு மருத்துவர் அறிக்கை தருகிறார்கள்.
என் கணுக்கால்
பனிக்காலம் முழுக்க இந்தச் சப்பாத்துக்குள் இருக்கிறது.

இல்லை என்று தொட்டேன்.
நான்கு முப்பத்தெட்டு.
சரி பார்க்கப் பெட்டியைத் திறந்தேன்:
பன்னிரண்டில் ஒன்று விரிசல்.
அதற்குக் கட்டம் இல்லை.
மூடி, அடியில் வைத்துவிட்டு,
வெண்ணெய்ப் பக்கம் நகர்ந்தேன்.